நான்கு வாள்களும் ஒரு வேப்பிலைக் கொத்தும்

தம்பி,

புதன்கிழமை மத்தியானம் நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அப்போது கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். மிச்ச வெங்காயத்தையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் திரும்ப எடுத்துப் பார்க்கத் துணிவு வந்தது. உன் வீட்டில் மேலறையில் குடியிருக்கும் ஸ்பெயின் நாட்டுப் பிள்ளை குறி பார்க்கும் சீட்டுகளை விரித்தாளாம், நீ கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாயாம். (அவள் யார், எவர் என்று இப்போது நான் கேட்கப்போவதில்லை. நீ எழும்பி நடமாடும்போது கேட்பேன்.) "அம்மா, எனக்கு வந்த சீட்டைப் பாருங்கோ" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகத்தையும் போட்டிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கல்லறையின் மேல் ஒரு மனிதன் நிமிர்ந்து படுத்திருக்கிறான். இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் கூப்பி வைத்திருக்கிறான். மேலே சுவரில் மூன்று வாள்கள் அவனை நோக்கித் தொங்குகின்றன. நான்காவது வாள் அவனுக்குக் கீழே கிடக்கிறது. மூலையில் ஒரு கண்ணாடிச் சாளரம், அதில் யாரோ மண்டியிட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் ஒரு மனிதனை நிமிர்த்திக் கிடத்தி, கையைக் கூப்பி வைப்பது எப்போது என்று உனக்குத் தெரியும். அப்பாவையும் அப்படித்தான் வைத்தார்கள். நீதான் தலைமாட்டில் நின்றாய்.

இதை நான் உனக்கு மட்டும் எழுதவில்லை. முதலில் இன்றே உனக்கு அனுப்பிவிடுவேன். பிறகு, பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னை மூன்று வருடமாக அரித்துக்கொண்டிருக்கிறார்களே, அவர்களிடம் இதையே கொடுக்கப்போகிறேன். அது அச்சாகி எல்லாரும் வாசிக்கும்போது உன் மூன்று மாதமும் முடிந்திருக்கும். கொழும்பில், இந்த வெள்ளவத்தையில் என்னைத் தெரிந்தவர்கள் பலர் இதில் தங்களைக் காண்பார்கள். காணட்டும். அவர்களுக்காக ஒரு விளக்கம்: என் மகனுக்கு முப்பத்து நான்கு வயது, லண்டனில் கணினி வேலை. போன மாதம் ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகு படி ஏறினால் மூச்சு வாங்கியது. வைத்தியசாலையில் பார்த்தால் இதயத் தசை வீங்கியிருக்கிறதாம். இதற்கு மருந்தைவிட ஓய்வுதான் முக்கியம், மூன்று மாதத்துக்கு வேலை இல்லை, ஓட்டம் இல்லை, பாரம் தூக்குவது இல்லை, படுத்திருக்கவேண்டும் என்றார்கள். படுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று அந்த டொக்டர் சொன்னதை, கடையில் பால் முடிந்துவிட்டது என்பதுபோல நீ எனக்குச் சொன்னாய். அன்று தொடக்கம் எனக்கு ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

பயந்தவள் சும்மா இருப்பாளா? இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் உனக்கு அழைப்பெடுத்தேன். "சும்மாதான் எடுத்தனான், சாப்பிட்டியோ?" என்று கேட்பேன். உண்மையில் எனக்கு நீ சாப்பிட்டாயா என்பது தேவையில்லை, நீ மூச்சு விடுகிறாயா என்பதுதான் தேவை. நித்திரை கலைந்த குரலில் "ஓம் அம்மா" என்பாய். எனக்கு அடுத்த இரண்டு மணித்தியாலத்துக்கு உயிர் வரும். உன்னிடம் மட்டும் நிறுத்தினேனா? லண்டனில் இருக்கும் உன் மாமிக்கு, அப்பாவின் தங்கைக்குச் சொன்னேன். மாமி தன் சம்பந்திக்குச் சொன்னா. இங்கே நான் கோயிலில் சொன்னேன், மாடிப்படியில் சொன்னேன், மீன் வாங்கும்போதும் சொன்னேன். வருத்தத்தை ஆட்களிடம் சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. அதற்குப் பதிலாக நம் வீட்டு மணி அடிக்கத் தொடங்கியது.

அந்தச் சீட்டின் கருத்து என்னவென்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது. நம் சாத்திரியாரிடம் கேட்டேன். "இது எங்கட சாத்திரமில்லை, தங்கச்சி. இதுக்கு நான் கருத்துச் சொன்னா எனக்குப் பாவம்" என்று கையை விரித்துவிட்டார். கீழ்மாடிப் பிள்ளைதான் சொன்னாள், காலி வீதியில் புடைவைக் கடைக்கு மேலே ஒரு பெண் இருக்கிறாள், புருவமும் எடுக்கிறாள், இந்தச் சீட்டும் பார்க்கிறாள் என்று. வியாழக்கிழமை காலை போனேன். அறுபத்தாறு வயதில், நாற்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள், சீட்டுப் பார்க்கப் படியேறுவதை என் மாணவர் யாரும் கண்டுவிடக்கூடாதே என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு போனேன். அவள் மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பெண், உன்னைவிட வயது குறைவு. கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். "ஐயோ அம்மா, இதுக்கா இப்படி நடுங்குறீங்க?" என்று எனக்கு ஒரு கதிரையைத் தள்ளிப் போட்டாள்.

"அவரு சாகலம்மா. படுத்திருக்காரு" என்றாள். "வாள் மூணு செவுத்துல மாட்டியிருக்கு பாருங்க. ஒண்ணு கைக்கு எட்டுற மாதிரி கீழ இருக்கு. சண்டைய விட்டுட்டுப் போகல, எறக்கி வச்சிருக்காரு. கொஞ்ச நாளைக்குப் படு, பேசாம இரு, யோசி, தெம்பு வந்தா எந்திரின்னு சொல்ற சீட்டு. நல்ல சீட்டுதான்."

"அப்ப ஏன் கல்லறையில படுக்கவேணும்? வீட்டில கட்டில் இல்லையோ?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "வீட்டுல படுத்தா விடுவாங்களா? அதான் கோயில்ல போயிப் படுத்திருக்காரு. இந்தப் படத்துல ஒரே ஒரு ஆபத்துதாம்மா. யாராவது போயி அவர எழுப்பிறது."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, வாசலில் புருவம் எடுக்க வந்து நின்ற பெண்ணை உள்ளே கூப்பிட்டாள். நான் படியிறங்கி வந்தேன். காலி வீதியைக் கடக்க முடியாமல் நின்றேன், வாகனம் அதிகம் என்பதால் அல்ல. அன்று பின்னேரம் உனக்கு அழைப்பெடுத்தேன். "நல்ல சீட்டாம், ஓய்வெடுக்கச் சொல்லுதாம்" என்று சொன்னேன்.

"அம்மா, எனக்குப் படுக்கப் பயமாக் கிடக்கு" என்றாய். "அப்பாவும் டொக்டர் சொன்ன மாதிரி ஒழுங்காப் படுத்து ரெஸ்ற் எடுத்தவர்தானே. அப்பிடியே நித்திரையில போயிட்டார். கண்ணை மூடினா அதுதான் வருது. நான் திங்கட்கிழமை வேலைக்குப் போகப்போறன். நடமாடிக்கொண்டிருந்தா ஒண்டும் வராது."

நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். அடுப்பில் பால் இல்லை. வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வராத ஒன்றைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன். திங்கட்கிழமைக்கு முன் நீ இதை வாசித்தாகவேண்டும்.

அதற்கு முன் நம் வீட்டில் படுக்கை என்பது என்னவாக இருந்தது என்று நினைத்துப் பார். அப்பா நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்தவர். முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளும் மெடிக்கல் லீவு போட்டதில்லை என்பதைத் தன் பட்டம்போலச் சொல்லித் திரிந்தவர். நான் காலை ஐந்தரைக்கு வீட்டில் ரியூசன் தொடங்கி, பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, பின்னேரம் இன்னும் இரண்டு வகுப்பு எடுத்தவள். நீ சாதாரண தரப் பரீட்சை எடுத்த வருடம் ஒரு மத்தியானம் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கட்டிலில் கிடந்தாய். நான் போர்வையை இழுத்தெறிந்தேன். "பகலில படுக்கிறது வருத்தக்காரர்தான். உனக்கு என்ன வருத்தம், சொல்லு பாப்பம்" என்று கத்தினேன். நீ எழும்பி மேசைக்குப் போனாய். விளக்கு வைக்கும் நேரத்தில் படுத்தால் மூதேவி, வடக்கே தலை வைத்தால் பிணம், சாப்பிட்ட கையோடு சாய்ந்தால் சோம்பேறி. ஒரு மனிதன் எப்போதுதான் படுப்பது என்று நான் ஒருநாளும் உனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கே அது தெரியாது.

ஒரே ஒரு தரம்தான் நம் வீட்டில் ஒருவர் ஒழுங்காக ஓய்வெடுத்தது. உனக்கு ஒன்பது வயதில் கொப்புளிப்பான் அம்மை வந்தபோது. உனக்கு ஞாபகம் இருக்குமே, வாசல் நிலையில் அப்பா வேப்பிலைக் கொத்துக் கட்டினார். அதைக் கண்டதும் பால்காரர்கூட மணி அடிக்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போனார். ரியூசன் பிள்ளைகள் வரவில்லை. சொந்தக்காரர் வரவில்லை. வீட்டில் தாளிப்பு இல்லை, பொரியல் இல்லை, உரத்த கதை இல்லை. வெள்ளைத் துணிக்குமேல் வேப்பிலை பரப்பி உன்னைக் கிடத்தினோம். நீ நித்திரை கொண்டாய், எழும்பி இளநீர் குடித்தாய், கடலோரம் போகும் ரயில்களை எண்ணினாய், திரும்பவும் நித்திரை கொண்டாய். நானும் உன் பக்கத்தில் நிலத்தில் கிடந்தேன். தலைக்குத் தண்ணீர் வார்த்த அன்று என் முகத்தைப் பார்த்து, "அம்மா, இது திருப்பியும் வருமோ?" என்று கேட்டாய். பயத்தில் கேட்கிறாய் என்று நினைத்து, "இனி வராது ராசா" என்றேன். உன் முகம் சுருங்கிப்போனது. அது ஏன் சுருங்கியது என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

இனி அப்பாவின் கதை. ஆறு வருடமாக நீ நம்பிக்கொண்டிருக்கும் கதை என் கையால் செய்தது, தம்பி.

அப்பாவுக்கு நெஞ்சுநோ வந்து, வைத்தியசாலையில் ஒரு கிழமை வைத்திருந்து, வீட்டுக்கு விடும்போது அந்த இளம் டொக்டர் என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஆறு கிழமை பூரண ஓய்வு, பார்க்க ஆட்கள் வரக்கூடாது, கதைக்கவிடக்கூடாது என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டு தரம் சொன்னார். நான் இரண்டு தரமும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் மணி அடித்தது. வருத்தம் பார்க்க, நோயாளியை விசாரிக்க, வருவது நம் ஆட்களுக்குக் கடமை. வராவிட்டால் குறை, வந்தவரைத் திருப்பி அனுப்பினால் பெரிய குறை. அப்பிளும் தோடம்பழமும் பிஸ்கற் பெட்டியுமாக மூன்று மாடி ஏறி வருவார்கள். வருத்தக்காரரைப் படுக்கையில் கிடக்கக் காட்டுவது எனக்கு வெட்கமாக இருந்தது. கசங்கிய படுக்கை, மருந்து மணம், இடுப்பில் சரத்தோடு ஒரு மனிதன். அதனால் ஒவ்வொரு தரமும் அவரை எழுப்பி, முகம் கழுவி, மினுக்கிய முழுக்கைச் சேட்டைப் போட்டு, விறாந்தைக் கதிரையில் கொண்டுவந்து இருத்தினேன். அவர் நோ வந்த கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லுவார். வந்தவர்கள் அதே நோ வந்து செத்துப்போன இன்னொருவரின் கதையைச் சொல்லுவார்கள். நான் தேத்தண்ணி ஊற்றுவேன். ஒரு சனிக்கிழமை ஐந்து தரம் அந்தச் சேட்டைப் போட்டுக் கழற்றினார். அவருடைய வருத்தத்துக்கு இத்தனை பேர் வருகிறார்களே என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவர் என் கையைப் பிடித்தார். அப்படிக் கையைப் பிடிக்கிற மனிதரில்லை உன் அப்பா. "இஞ்சரும், இண்டைக்கு ஆர் வந்தாலும் நான் நித்திரை எண்டு சொல்லும். எனக்குக் களைக்குது" என்றார். ஓம் என்றேன். அவர் சொன்னபடியே நித்திரையும் ஆனார். நல்ல நித்திரை, வாய் கொஞ்சம் திறந்தபடி. நாலரை மணிக்கு மணி அடித்தது. திறந்தால் அப்பாவின் பழைய மேலதிகாரி. எண்பது வயது, கைத்தடி, அன்று லிப்ற் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க வாங்க நின்றார். அந்த மனிதரிடம் "நித்திரை, போயிற்று வாங்கோ" என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். சொல்லியிருக்கலாம். ஒரு கதிரையைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, சொல்லியிருக்கலாம். நான் அறைக்குள் போய் உன் அப்பாவின் தோளைப் பிடித்து அசைத்தேன். ஒருதரம் அசைத்து எழும்பவில்லை என்று இரண்டாம் தரமும் அசைத்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொன்ன ஓமை நம்பின ஒரு மனிதன் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு தானே எழும்பிச் சேட்டைப் போட்டார். பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. நான் அதைக் கண்டும் திருத்தவில்லை, விருந்தாளி காத்திருக்கிறார் என்ற அவசரம்.

இரண்டு பேரும் ஒன்றரை மணித்தியாலம் இருந்து கதைத்தார்கள். பெரியவர் படியிறங்கிப் போனபிறகு நான் கோப்பைகளைக் குசினிக்குக் கொண்டுபோய்க் கழுவினேன். விளக்கு வைக்கும் நேரம். "சேட்டைக் கழட்டிப்போட்டுப் படுங்கோவன்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன். பதில் இல்லை. வந்து பார்த்தேன். கதிரையில் இருந்தபடியே போய்விட்டார், தம்பி. மாறிப் பூட்டிய பொத்தானோடு.

நானும் கீழ்மாடிக்காரரும் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம். சேட்டைக் கழற்றி நான் ஒளித்து வைத்தேன். பிறகுதான் உனக்கு அழைப்பெடுத்து, "படுத்திருந்தவர், நித்திரையிலேயே போயிட்டார்" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? உன் மனம் ஆறட்டும் என்று சொன்னேன் என்றால் அது பாதி. நான்தான் எழுப்பினேன் என்று சொல்லாமல் தப்புவதற்காகச் சொன்னேன் என்பது மற்றப் பாதி. வந்தவர்கள் எல்லாரும் "நல்ல சாவு, கொடுத்துவைத்த மனிதன்" என்றார்கள். நான் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவரும் இப்போது உயிரோடு இல்லை. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மணி அடித்தது அவர், எழுப்பியது நான். அப்பா படுத்ததால் போகவில்லை. அவரைப் படுக்க விடாததால் போனார். அந்த ஒன்றரை மணித்தியாலம் நித்திரை கொண்டிருந்தால் இன்றும் இருந்திருப்பாரா என்று எந்த டொக்டரிடமும் நான் கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்று பயம்.

அந்தப் பொய் இங்கேயே கிடந்து செத்துப்போய்விடும் என்று நினைத்தேன். அது லண்டனுக்கு வந்து உன் தலைமாட்டில் நின்று உன்னைப் படுக்கவிடாமல் வைத்திருக்கிறது. என்னை நீ மன்னிக்கவேண்டும் என்று இதை எழுதவில்லை. கோபித்துக்கொள். ஆனால் படுத்திருந்து கோபி.

நான் எழுப்புவது இன்னும் முடியவில்லை என்பதும் எனக்கு வெள்ளிக்கிழமை காலையில்தான் உறைத்தது. உன் மாமி அழைப்பெடுத்து, ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வருவதாகச் சொன்னா. வான் பிடித்தாயிற்றாம், பதினொரு பேராம், கோழிப் புரியாணி செய்துகொண்டு வருவார்களாம். உன் அறையும், நீ அவசரமாகப் போடும் சேட்டும் கண்ணுக்குள் வந்தன.

"மச்சாள், இப்ப போகாதேங்கோ. அவன் படுக்கவேணும் எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார்" என்றேன்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? நாங்கள் என்ன பிறத்தியாரோ? அண்ணான்ர ஒரே பிள்ளை வருத்தமாக் கிடக்க எட்டிப் பாக்காட்டில் ஆக்கள் என்ன சொல்லுவினம்? நாங்கள் வந்து சும்மா இருந்திட்டுத்தானே போகப்போறம். அவன் படுக்கிறதெண்டாப் படுக்கட்டும்."

அவன் படுக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். நான் வளர்த்த பிள்ளை, பெரியவர்கள் வந்தால் எழும்பி நிற்பான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அது மச்சாள்... அவனுக்குக் கொப்புளிப்பானும் போட்டிருக்கு" என்றேன்.

"ஐயோ, அம்மாள் வருத்தமோ! அதை முதல்லயே சொல்லுறதுக்கென்ன? இஞ்ச சின்னப் பிள்ளையள் இருக்கு. நாங்கள் வரேல்லை, ஒருத்தரும் வரேல்லை. தலைக்குத் தண்ணி வாக்கிற வரைக்கும் ஆரையும் உள்ளுக்கு விடவேண்டாம் எண்டு அவனிட்டச் சொல்லுங்கோ" என்று மாமி படபடவென்று சொல்லி வைத்துவிட்டா. இதய வருத்தத்துக்கு இரங்காத வான், கொப்புளிப்பானுக்கு ஒரு நிமிடத்தில் நின்றது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மாள் தெய்வத்தின் பெயரில் பொய் சொல்லிவிட்டேனே என்று உடனே அடுத்த பயமும் பிடித்துக்கொண்டது. மச்சாள், நீங்கள் இதை வாசிக்கும்போது என்னோடு கோபிக்கவேண்டாம். உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அப்பா போன அன்று எனக்கும் பாசம்தான் இருந்தது.

அந்தப் பொய்யை எப்படியாவது பாதி உண்மையாவது ஆக்கவேண்டும் போலிருந்தது. பாமன்கடையில் ஒரு வீட்டு மதிலுக்கு மேலால் வேம்பு நீட்டிக்கொண்டிருக்கும், உனக்குத் தெரியும். இன்று சனிக்கிழமை, காலையில் அங்கே போய், வாசலில் நின்ற அம்மாவிடம் என் ஓட்டைச் சிங்களத்தில் கொஞ்சம் இலை எடுக்கட்டுமா என்று கேட்டேன். "கன்ன, கன்ன", எடுங்கோ எடுங்கோ என்று தானே கிளையை வளைத்து ஒடித்துத் தந்தா. யாருக்கு வருத்தம் என்று கேட்டா. "புதாட்ட" என்றேன். மகனுக்கு என்று அர்த்தம். அவ ஒன்றும் கேட்காமல் இன்னொரு கொத்தும் ஒடித்துத் தந்தா. வந்து நம் வாசல் நிலையில் கட்டினேன். உன் வாசல் எனக்கு எட்டாது, என் வாசல்தான் எட்டியது. இப்போது இரவாகிவிட்டது. இன்று முழுக்க ஒருவரும் மணி அடிக்கவில்லை. உன் வருத்தத்தை விசாரிக்க வந்த இரண்டு பேர் இலையைக் கண்டுவிட்டு அப்படியே திரும்பி இறங்கிப்போனார்கள், காலடிச் சத்தம் கேட்டது.

கொஞ்சம் முன்னர், ஆறு மணிக்கு, விளக்கு வைக்கும் நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். விளக்கை வைத்துவிட்டு அப்பாவின் கட்டிலில் போய் நிமிர்ந்து படுத்தேன். அந்தச் சீட்டில் இருப்பவனைப்போலவே இரண்டு கைகளையும் நெஞ்சில் கூப்பி வைத்துக்கொண்டேன். எவ்வளவு பயந்தேன் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் நெஞ்சு அடிக்கிற சத்தம் என் காதுக்குள் கேட்டது. இப்படியே போய்விட்டால் யார் கதவை உடைப்பார்கள் என்று நினைத்தேன். அப்பாவின் முகம் வந்தது. நான் அசைத்த தோள் வந்தது. ஆறு வருடமாக அது வரும்போதெல்லாம் எழும்பி ஏதாவது வேலை செய்வேன், கோப்பை கழுவுவேன், உனக்கு அழைப்பெடுப்பேன். இன்று எழும்பவில்லை. வரட்டும் என்று கிடந்தேன். அவரிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன். கடலோரம் ஒரு ரயில் போனது, பிறகு இன்னொன்று போனது. நீ ஒன்பது வயதில் எண்ணிய மாதிரி நானும் எண்ணினேன். நாலாவது ரயிலுக்குப் பிறகு எத்தனை போனதென்று தெரியாது, நித்திரையாகிவிட்டேன்.

பிறகு எழும்பினேன், தம்பி. எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி வைத்து, இதை எழுதி முடிக்கிறேன். என் பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், இனி உனக்குப் பொய் இல்லை. இந்த மூன்று மாதமும் நான் பயந்துகொண்டுதான் இருப்பேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அதைத் தூக்கவேண்டாம், பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை வேலைக்குப் போகாதே. அந்த ஸ்பெயின் பிள்ளையிடம் சொல்லி, உன் அறைக் கதவில் ஏதாவது ஒரு பச்சை இலையைக் கட்டு, வேப்பிலைதான் வேண்டுமென்றில்லை. அதைக் கண்டால் அம்மாவும் படியிறங்கிப் போய்விடுவா என்று வைத்துக்கொள். இனி இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் உன் கைப்பேசி அடிக்காது. நான் எடுக்கமாட்டேன். நீ நித்திரை கொள். எத்தனை மணியானாலும், எத்தனை நாளானாலும், உன் பாட்டில் எழும்பினபிறகு நீ எனக்கு எடு.

அம்மா